கலங்கிய குளத்து நீரை வைத்து ஒரு விஞ்ஞான நாள்

பல்கலைக்கழகத்தில் இருந்து பாடசாலைக்கு விஞ்ஞானம் காட்டப் போவதென்றால் பெட்டி நிறையச் சாமான் போகும். முகவை, சோதனைக்குழாய், நுணுக்குக்காட்டி, புறொஜெக்ரர். பிள்ளைகள் வரிசையில் வந்து பார்ப்பார்கள், சந்தோசப்படுவார்கள். பின்னேரம் பெட்டியைப் பூட்டி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவோம். அடுத்த நாள் ஒரு பிள்ளை அதைத் திரும்பச் செய்து பார்க்க நினைத்தால் அதற்கு வழியே இருக்காது.

வன்னியில் இது எனக்கு நெடுநாள் உறுத்தல். இங்கே பல்கலைக்கழகம் தூரத்தில் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இருந்தும் பெரிய வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே போனால், ஆய்வுகூடம் என்று சொல்ல ஒரு அலுமாரி மட்டுமே உள்ள பாடசாலைகள் இருக்கின்றன. அந்தப் பாடசாலைகளைச் சுற்றிக் குளமும் வயலும் காடும் கிடக்கின்றன. அலுமாரியில் இல்லாதது வெளியில் இருக்கிறது என்ற எண்ணத்தில், ஊரில் கிடைக்கும் பொருளை மட்டும் வைத்து, நாங்கள் திரும்பி வந்த பிறகும் பிள்ளைகள் தாங்களே செய்யக்கூடிய மாதிரி ஒரு நாளை அமைத்தோம். வேறு யாராவது செய்ய விரும்பினால் உதவட்டும் என்று செய்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி ஊரில் இருந்து வரட்டும்

நிகழ்ச்சிக்கு முதல் ஒருதரம் வெறுங்கையோடு போய்ப் பிள்ளைகளோடு இருந்து கதைத்தோம். தரம் 8, 9 பிள்ளைகள். "உங்கள் ஊரில் ஏன் இப்படி என்று நினைத்த விசயம் ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டோம். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு பின்வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழும்பினாள்.

"மாரி தொடங்கினா எங்கட குளத்துத் தண்ணி தேத்தண்ணி நிறத்துக்கு வந்திடும் அக்கா. அம்மா வாளியில எடுத்து ராவு முழுக்க வைப்பா, தெளியாது. மணல் எண்டா உடன கீழ போயிடுமே. இது ஏன் போகேல்லை?"

கேள்வி கிடைத்துவிட்டது. முழு நாளும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் போனது. ஒரு நாளில் பத்து விசயம் காட்டுவதை விட ஒரே கேள்வியைக் காலையில் இருந்து பின்னேரம் வரை பிடித்துக்கொண்டு போவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். அதிலும் அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை அந்த வகுப்பிலேயே இருக்க வேண்டும்.

இன்னொரு விசயத்தையும் அன்றே பேசி முடித்தோம். பிள்ளைகளைக் குளத்துக்குள் இறக்குவதில்லை. வன்னிக் குளங்களில் முதலை உண்டு, அலைகரைச் சேற்றில் கால் புதையும். அதோடு, கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியாத மாவட்டங்கள் இவை. இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன் பிறகும் வேலை தொடர்கிறது. மண் எடுக்கிறோம், விதை பொறுக்குகிறோம் என்று பிள்ளைகளைப் பற்றைக்குள் அனுப்பும் எந்தச் செயற்பாடும் இங்கே சரிவராது. நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்குவதில்லை. தெரியாத இரும்புத் துண்டைக் கண்டால் தொடாமல் நின்று பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் பிள்ளைகள் எங்களை விட நன்றாக அறிந்திருந்தார்கள். வெளியூரில் இருந்து வந்த எங்கள் மாணவர்களுக்குத்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. நீரை அள்ளித் தந்தவர் கமக்கார அமைப்பைச் சேர்ந்த ஐயா ஒருவர். குளம், வாய்க்கால், பாடசாலைக் கிணறு மூன்றில் இருந்தும் கழுவிய கலன்களில் தனித்தனியாகக் கொண்டுவந்து நிழலில் வைத்தார்.

கலங்கல் அளக்கும் குழாய்

எவ்வளவு கலங்கல் என்று கண்ணால் பார்த்து "கூட", "குறைய" என்று சொன்னால் விஞ்ஞானம் தொடங்காது. ஒரு எண் வேண்டும். 1865இல் அஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலுக்குள் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். இன்றைக்கும் ஏரிகளில் கறுப்பு வெள்ளையாக நான்கு பங்கு தீட்டிய 20 செ.மீ. தட்டை இறக்கிப் பார்க்கிறார்கள். எங்களுக்குப் பிள்ளைகளைக் குளத்தின் நடுவுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே நீரைக் குழாய்க்குள் கொண்டுவந்தோம். குழாயின் அடியில் தட்டு இருக்கும், மேலிருந்து நீர் ஊற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். தட்டு மறையும்போது நீர் எத்தனை சென்ரிமீற்றர் உயரம் நிற்கிறதோ அதுதான் அளவு. உயரம் குறைந்தால் கலங்கல் கூட.

விலைக்கு வாங்கும் குழாய் வேண்டாம். 1.5 லீற்றர் சோடாப் போத்தல் மூன்று போதும். இடுப்புச் சுருங்கிய போத்தலை எடுக்கக் கூடாது, பக்கம் நேராக இருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும். முதல் போத்தலின் கழுத்தையும் தோளையும் வெட்டி எறியுங்கள், அடி இருக்கட்டும். மற்ற இரண்டிலும் அடியையும் தோளையும் வெட்டினால் இரண்டு உருளை கிடைக்கும். வெட்டும் இடத்தில் முதலே ஒரு தாளைச் சுற்றி, தாளின் ஓரத்தை ஒட்டி மாக்கரால் கோடு போட்டுக்கொண்டால் கோணாமல் வெட்டலாம்.

ஒரே அளவுப் போத்தலை ஒன்றுக்குள் ஒன்று எப்படிச் செருகுவது? அந்தப் பிளாஸ்ரிக் கொதிநீரில் சுருங்கும். உருளையின் ஒரு ஓரத்தை மட்டும், இரண்டு விரல் அகலத்துக்கு, கொதித்து இறக்கிய நீரில் ஒரு கணம் தோய்த்து எடுத்தால் அந்த ஓரம் கொஞ்சம் சிறுத்துவிடும். அதைக் கீழ்ப் போத்தலின் வாய்க்குள் அழுத்தினால் இறுக்கமாக இறங்கும். கூடுதல் நேரம் வைத்தால் நெளிந்து கோணிவிடும், ஆகவே தோய்த்தவுடன் எடுத்துப் பொருத்திப் பார்த்துத் திரும்பத் தோய்ப்பதே நல்லது. இந்த வேலையைப் பெரியவர்கள் செய்ய வேண்டும். செருக முதல் இரண்டு பக்கத்தையும் அரத்தாளால் உரஞ்சி, தூசி துடைத்து, சிலிக்கன் பசையை வளையமாகப் பூசிச் செருகி, வெளியிலும் ஒரு வளையம் பூசி ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைக்க வேண்டும். மேல் உருளை உள்ளேயும் கீழ் உருளை வெளியேயும் இருந்தால் நீரின் அழுத்தமே உள் ஓரத்தை வெளிச் சுவரோடு சேர்த்துத் தள்ளும். ஒழுகல் குறையும்.

தட்டுக்கு ஐஸ்கிறீம் பெட்டியின் வெள்ளை மூடி. போத்தலின் உள் அகலத்துக்கு வட்டமாக வெட்டி, நான்கு பங்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைக் கறுப்பு மாக்கரால் நிறைத்தோம். சோடாப் போத்தலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் தட்டு சரிந்து நிற்கும். கொஞ்சம் சீமெந்துக் கலவை ஊற்றி மட்டமாக்கிக் காய்ந்த பிறகு தட்டை ஒட்டினால் சரியாக இருக்கும். பாரமும் கிடைக்கும், காற்றுக்கு விழாது. சென்ரிமீற்றர் கோடுகளைத் தட்டின் மேற்பரப்பில் இருந்து தொடங்கிக் குறிக்க வேண்டும், போத்தலின் அடியில் இருந்து அல்ல.

பாடசாலையில் வைத்துப் பிள்ளைகளே கட்டட்டும் என்று வெட்டிய துண்டுகளை மட்டும் கொண்டுபோனோம். முதல் வாரமே ரீச்சரிடம் ஒரு குழாயை முழுதாகக் கட்டிக் கொடுத்திருந்தோம், அன்றைக்கு அளப்பதற்கு அது.

தட்டு மறைந்த இடம்

மாமர நிழலில் குழாயை வைத்தோம். நேர் வெயில் நீரின் மேல் பட்டால் மினுக்கம் கண்ணைக் கூச வைக்கும். ஒருவர் கலனைக் குலுக்கி மெதுவாக ஊற்ற, ஒருவர் மேலிருந்து நேராகக் குனிந்து பார்க்க, ஒருவர் கோட்டை வாசிக்க வேண்டும். கறுப்பும் வெள்ளையும் பிரித்துத் தெரியாத அந்தக் கணத்தில் பார்ப்பவர் "நிப்பாட்டு" என்று சொல்ல வேண்டும்.

கிணற்று நீரைக் குழாயின் வாய் வரை நிரப்பியும் தட்டு பளிச்சென்று தெரிந்தது. வாய்க்கால் நீர் பாதிக் குழாயைத் தாண்டியது. குளத்து நீருக்கு ஒரு பெடியன் குனிந்தான். ஊற்றத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றான். அடுத்தவன் பார்த்தான், "இல்லை, எனக்கு இன்னும் தெரியுது" என்றான். மூன்றாவது பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு அளவு சொன்னாள். யார் சரி என்று வாக்குவாதம் தொடங்கியது.

இந்த வாக்குவாதத்தை நாங்கள் தீர்த்து வைக்கவில்லை. மூன்று பேரும் தனித்தனியாக, மற்றவர் எண்ணைக் கேட்காமல் பார்த்து எழுதட்டும், சராசரி எடுப்போம் என்று ரீச்சர் சொன்னார். எல்லாப் பிள்ளையும் ஒருதரம் குனிந்து பார்த்தார்கள். எண்கள் ஒன்றுக்கொன்று விலகியிருந்தாலும் குளத்து நீரின் பெரிய எண் கூட வாய்க்கால் நீரின் சிறிய எண்ணுக்குக் கிட்ட வரவில்லை. அளவீட்டில் வழு இருக்கும், வழு இருந்தும் முடிவு சொல்லலாம் என்பதை இதைவிட நன்றாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியாது. பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியாக வருகிற விசயம், மாமரத்தடியில் சண்டை பிடித்துப் புரிந்தது.

பிறகு தரையில் கல்லும் குச்சியும் வைத்துக் குளத்தின் படம் போடச் சொன்னோம். பெரிய ஆறுகளை நாங்கள் தொடங்கி வைத்தோம். கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகிறது. பாலியாறு வவுனிக்குளத்துக்கு, பேராறு முத்தையன்கட்டுக்கு. அவர்களுடைய சின்னக் குளத்துக்கு வரும் ஓடைகளை அவர்களே வரைந்தார்கள். எந்தப் பக்கம் காடு, எந்தப் பக்கம் புதிதாக வெட்டித் துப்புரவாக்கிய காணி, எங்கே கிறவல் அள்ளிய பள்ளம் என்றெல்லாம் வந்தது. காட்டுப் பக்க ஓடை மழைக்கும் கொஞ்சம் தெளிவாகத்தான் வரும் என்றும், கிறவல் பள்ளத்துப் பக்க ஓடைதான் சிவப்பாக வரும் என்றும் இரண்டு பெடியள் அடித்துச் சொன்னார்கள். மாடு சாய்க்கப் போகிற பிள்ளைகள் அவர்கள். எங்கள் இறுதி ஆண்டு மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு நின்றார்கள்.

கிறவல் என்றவுடன் ஒரு விசயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரணைமடுவை அண்டிய சரளைப் படிவுகளில் பழைய கற்காலத்துக் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. புவிச்சரிதவியலில் அந்த வகைப் படிவுக்குப் பெயரே இரணைமடுப் படிவம். தங்கள் ஊர்ப் பக்கத்துக் குளத்தின் பெயர் விஞ்ஞானக் கட்டுரைகளில் இருக்கிறது என்பது அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஏன் தெளியவில்லை

இனி அந்தப் பிள்ளையின் கேள்வி. மணல், வயல் மண், புற்று மண் மூன்றையும் தனித்தனிக் கண்ணாடிப் போத்தலில் போட்டு நீர் விட்டுக் குலுக்கி வைத்தோம். புற்று மண்ணில் களிமண் கூட என்பது பிள்ளைகளுக்கு முதலே தெரியும், அடுப்புப் பூச அதைத்தானே எடுக்கிறார்கள். மணல் குலுக்கி வைத்த கையோடு கீழே போய்விட்டது. வயல் மண்ணில் கொஞ்சம் இறங்கி மேலே கலங்கலாக நின்றது. புற்று மண் அப்படியே நின்றது.

கணக்கைக் கரும்பலகையில் போட்டோம். நீருக்குள் விழும் சிறு துணிக்கையின் வேகத்தை 1851இல் ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் கணித்தார். துணிக்கையின் விட்டம் பாதியானால் வேகம் காற்பங்காகும், பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்று. 0.1 மி.மீ. விட்டமுள்ள நுண்மணல் செக்கனுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. இறங்கும். ஒரு அடி வாளியில் அரை நிமிடத்தில் அடிக்குப் போய்விடும். களித் துணிக்கை 0.001 மி.மீ. என்று வைத்தால் அது நூறு மடங்கு சிறியது, ஆகவே பத்தாயிரம் மடங்கு மெது. அரை நிமிடத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கச் சொன்னோம். மூன்றரை நாள் வருகிறது. கேள்வி கேட்ட பிள்ளை கணக்கை இரண்டுதரம் செய்து பார்த்துவிட்டு, "அப்ப அம்மா ஒரு ராவு வச்சது காணாது" என்றாள்.

ஆனால் மூன்றரை நாளும் போதாது, அதுதான் அடுத்த படி. களித் துணிக்கைகளின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே ஏற்றம் என்பதால் ஒன்றை ஒன்று தள்ளும், சேர்ந்து பெரிதாகாது. இன்னும் சிறிய துணிக்கைகள் நீர் மூலக்கூறுகள் இடிக்கும் இடிக்கே மிதந்துகொண்டிருக்கும். இரண்டு புற்று மண் போத்தலை எடுத்து ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தோம். உப்புப் போட்டது சீக்கிரமே திரண்டு இறங்கத் தொடங்கியது. உப்பின் நேர் அயன்கள் அந்த ஏற்றத்தை மறைத்துவிடுகின்றன, துணிக்கைகள் ஒட்டிக்கொள்கின்றன. ஆறு கொண்டுவரும் களி கடல்நீரைச் சந்திக்கும் இடத்தில் படிவதும் இதனால்தான். தரையில் போட்ட படத்தில் சுண்டிக்குளம் இருந்த கல்லைக் காட்டியபோது பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது.

முருங்கை விதை

சரி, உப்புப் போட்ட நீரை என்ன செய்வது, வாயில் வைக்க முடியாது. வேறு எதைக் கொண்டு அந்த ஏற்றத்தை மாற்றலாம்? முருங்கை விதையில் நேர் மின்னேற்றமுள்ள ஒரு புரதம் இருக்கிறது, அது களியைப் பிடித்துச் சேர்க்கும். சூடானில் நைல் கரைக் கிராமங்களில் பெண்கள் முருங்கை விதையால் ஆற்று நீரைத் தெளிவிப்பது ஆய்வாளர்களின் கண்ணில் பட்ட பிறகு, உலகின் பல இடங்களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வன்னியில் முருங்கை இல்லாத வளவு அரிது.

மரத்திலேயே முற்றிக் காய்ந்து மண்ணிறமான காயை எடுக்க வேண்டும். பச்சைக் காய் விதை சரிவராது. விதையின் இறகையும் கறுத்தக் கோதையும் நீக்கினால் உள்ளே வெள்ளைப் பருப்பு இருக்கும். மஞ்சளித்ததையும் பூஞ்சணம் பிடித்ததையும் கழித்துவிட்டு, மிச்சத்தை உரலில் இடித்து மாவாக்கி, ஒரு கோப்பை சுத்த நீரில் கரைத்து, ஐந்து நிமிடம் குலுக்கி, துணியால் வடித்தால் பால் மாதிரி ஒரு நீர் வரும். அதைக் கலங்கல் நீரில் விட்டு ஒரு நிமிடம் வேகமாகக் கலக்க வேண்டும், பிறகு ஐந்து பத்து நிமிடம் மிக மெதுவாக. மெதுவான கலக்கலில்தான் துணிக்கைகள் ஒன்றோடொன்று முட்டித் திரளும். வேகமாகவே கலக்கிக்கொண்டிருந்தால் திரண்டதும் உடைந்துவிடும். இந்தப் பொறுமை பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருந்தது, ஒரு பாட்டைப் பாடி அந்தத் தாளத்துக்குக் கலக்கினார்கள்.

ஐந்து போத்தல், ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றர் குளத்து நீர். ஒன்றில் ஒன்றும் விடவில்லை. மற்றவற்றில் அரை விதை, ஒரு விதை, இரண்டு விதை, நான்கு விதைக்கான பால். எது நன்றாகத் தெளியும் என்று முதலே எழுதி வைக்கச் சொன்னோம், அநேகம் பேர் நான்கு விதை என்று எழுதினார்கள். ஒரு மணி நேரம் கழித்து மேல் நீரைக் கலங்காமல் எடுத்துக் குழாயில் அளந்தோம். ஒன்றும் விடாதது காலையில் இருந்த மாதிரியே இருந்தது. அரை விதையில் சிறு மாற்றம். மிகத் தெளிவாக இருந்தது இரண்டு விதைப் போத்தல். நான்கு விதையில் மேல் நீர் மங்கலாக வெண்மை படர்ந்து நின்றது. தேவைக்கு மேல் போட்டால் மிஞ்சிய விதைச்சாறே நீரை மங்கலாக்கும். நீரின் கலங்கலைப் பொறுத்து இந்த அளவு மாறும் என்பதால் எங்கள் "இரண்டு" இன்னொரு குளத்துக்கு விதி அல்ல, அங்கே திரும்பச் செய்துதான் பார்க்க வேண்டும். கிணற்று நீரில் விட்டுப் பார்த்த குழுவுக்கு ஒரு பயனும் தெரியவில்லை. சேர்த்துத் திரட்ட அங்கே போதிய களி இல்லை.

தெளிந்த நீரைக் கண்டதும் ஒரு பெடியன் குடிக்கக் கோப்பை எடுத்துவிட்டான். அந்த இடத்தில் எல்லோரையும் நிறுத்தினோம். தெளிவு வேறு, சுத்தம் வேறு. முருங்கை விதை கிருமிகளில் பெரும்பங்கைக் களியோடு கீழே கொண்டுபோகும், முழுவதையும் அல்ல. கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. உப்பையோ, கரைந்திருக்கும் புளோரைட்டையோ இது அகற்றாது. உலர் வலயத்தில் பல கிணறுகளில் புளோரைட் உலக சுகாதார நிறுவனத்தின் 1.5 மி.கி./லீ. அளவைத் தாண்டுகிறது, பிள்ளைகளின் பல்லில் காவி படிவதற்கு அது காரணம். கண்ணாடி மாதிரித் தெரியும் கிணற்று நீரிலும் அது இருக்கலாம். அதோடு விதைப்பால் விட்ட நீரில் விதையின் சத்து மிச்சம் இருப்பதால் ஒரு நாளைக்கு மேல் வைத்தால் மணக்கத் தொடங்கும். இவை எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிய பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனோம். நீர் பற்றிய எந்தச் செயற்பாட்டிலும் இந்தப் பகுதியை அவசரமாக முடிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

மதியம் ஒரு பிள்ளையின் அம்மம்மா சாப்பாடு கொண்டுவந்தவர் நின்று பார்த்தார். "முருங்கைக் கொட்டை எனக்குத் தெரியாது தம்பி. நாங்கள் தேத்தாங்கொட்டைதான்" என்றார். ஆளை விட்டு வீட்டில் இருந்து இரண்டு கொட்டை எடுப்பித்தார். தேற்றா மரத்தின் விதை அது, உருண்டை, பொத்தான் அளவு. மண்குடத்தின் உட்பக்கம் அடியில் கொஞ்சம் நீர் விட்டு, கொட்டையை வட்டமாக அழுத்தித் தேய்த்தார். சரசரவென்ற சத்தம் மாறி வழுவழுப்பாகும் வரை தேய்த்து, அதற்கு மேல் குளத்து நீரை ஊற்றி, கையால் ஒருதரம் கலக்கி மூடி வைத்தார். "இடம்பெயர்ந்து குளத்தங்கரையில தறப்பாளுக்குள்ள இருந்த நேரம் இதுதான் எங்களுக்கு. தெளிஞ்சாப்பிறகு கொதிக்க வச்சுத்தான் பிள்ளையளுக்குக் குடுத்தனான்" என்றார். கொதிக்க வைப்பது பற்றி நாங்கள் சுவரில் ஒட்டியதை அவர் பார்த்திருக்கவில்லை.

எங்கள் குழுவில் குருநாகலில் இருந்து வந்து படிக்கும் மாணவன் ஒருவன், தன் ஊர்க் கிழவிகளும் இதே கொட்டையை இதே மாதிரித் தேய்ப்பார்கள் என்று அரைத் தமிழில் சொல்ல, ஆச்சிக்கு முகம் மலர்ந்தது. அதோடு அன்றைய திட்டம் மாறியது. முருங்கை, தேற்றாங்கொட்டை, கடையில் வாங்கிய சீனக்காரம் (படிகாரம்) மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். சீனக்காரம்தான் வேகமாகத் தெளிவித்தது, அதன் அலுமினிய அயனில் மூன்று நேர் ஏற்றம். ஆச்சியின் குடம் நேரம் எடுத்தது, ஆனால் தெளிந்த நீர் முருங்கைப் போத்தலுக்குக் குறைவில்லை. எவ்வளவு நேரம் தேய்த்தால் எவ்வளவு தெளியும் என்று யாரும் அளந்ததுண்டா என்று ஒரு பிள்ளை கேட்டாள். அதை அவர்களே அளந்து பார்ப்பது என்று முடிவானது. ஆச்சி தேய்க்க, அவர்கள் வட்டம் எண்ணுவார்கள்.

விட்டுவிட்டு வந்தவை

செவ்வரத்தம்பூவை அவித்த சாற்றில் தேசிக்காய்ப் புளியும் சவர்க்கார நீரும் விட்டு நிறம் மாற்றும் செயற்பாடும் செய்தோம். அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் இது எல்லா இடத்திலும் செய்வதுதான், அதற்கு வழக்கமாக எடுக்கும் சிவப்பு முட்டைக்கோவா தேடி அலைய வேண்டாம் என்பது மட்டும் இங்கே நன்மை.

போத்தல் மழைமானி அதைவிட முக்கியம். நேரான போத்தலின் தோளை வெட்டித் தலைகீழாகப் புனலாகச் செருகி, அடியைச் சீமெந்தால் மட்டமாக்கினால் போதும். புனல் வாயும் போத்தலும் ஒரே அகலம் என்பதால் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழை வீழ்ச்சி. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 1 லீற்றர். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் பெய்தால் ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல். "ஏக்கர் அடி" (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயர நீர்) என்று அப்பாமார் கமக்காரர் கூட்டத்தில் பேசுவது இந்தக் கணக்குத்தான் என்றதும், பிள்ளைகள் குளத்துக்கு எத்தனை இலட்சம் வரும் என்று தாங்களே பெருக்கத் தொடங்கினார்கள். மழைமானியைக் கட்டிடத்துக்கும் மரத்துக்கும் எட்ட, கம்பத்தில் இறுகக் கட்டி விட்டோம். காலையில் ஒரே நேரத்தில் பார்த்து, எழுதி, கொட்ட வேண்டும். பக்கத்து நிரலில் அன்றைய குளத்து நீரின் குழாய் அளவு. ஐப்பசியில் இருந்து தை வரை இரண்டு நிரலும் நிரம்பினால் மழைக்கு எத்தனை நாள் கழித்துக் குளம் தெளிகிறது என்று கண்டுகொள்ளலாம். கிறவல் பள்ளத்து ஓடை பற்றிப் பெடியள் சொன்னதற்கும் அப்போது எண் கிடைக்கும். ரீச்சர் வாரம் ஒருதரம் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். எங்கள் மாணவர்கள் வரைபு போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். வாசிப்பு ஏதாவது சந்தேகமாக இருந்தால் பிள்ளைகளிடமே கேட்கிறார்கள்.

குழாயைப் பராமரிப்பது பற்றிக் கடைசியாக. அளந்து முடிந்தவுடன் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும், களி காய்ந்தால் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு எல்லா நீரும் கலங்கலாகத்தான் தெரியும். மண் போட்டு உரஞ்சக் கூடாது, சவர்க்காரமும் மெல்லிய துணியும் போதும். வெயிலில் விட்டால் பிளாஸ்ரிக் மங்கி வெடிக்கும், அலுமாரிதான் இடம். மூட்டில் நீர் கசிந்தால் மேலே மேலே பசை பூசாமல், பழைய சிலிக்கனை முழுக்கச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காய விட்டு, புதிதாகப் பூசுங்கள். ஈரத்தின் மேல் சிலிக்கன் பிடிக்காது. மாக்கர் கோடு அழிந்துபோனால் அளவைத் திரும்பத் தட்டில் இருந்தே தொடங்கிக் குறித்து, மேலே ஒளிபுகும் ரேப்பை ஒட்டிவிட்டால் ஒரு மாரி தாங்கும்.